டிசம்பர் 24 நண்பகலுக்குப் பிறகு பிராக்

“டிசம்பர் 22 முதல் 27 வரை பிராக் நகரில் தங்கப் போகிறோம். எழுபதை நெருங்கும் மாமனாரும் மாமியாரும் ஒன்பது வயது மகனும் உடன் வருகிறார்கள். மாமியார் முட்டைகூடச் சாப்பிடமாட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊரே மூடிக் கிடக்கும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். திருவிழாக் கோலமாக இருக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். யாரை நம்புவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவரையும் நம்பலாம். ஒருவர் 24ஆம் தேதி நண்பகலுக்கு முந்தைய பிராகைப் பார்த்திருப்பார், மற்றவர் அதற்குப் பிந்தையதை. வேலை நிமித்தம் அந்த ஊரில் ஆறு குளிர்காலங்கள் இருந்தேன். முதல் ஆண்டு இந்தக் கணக்கு புரியாமல் கிறிஸ்துமஸ் இரவை அரை பாக்கெட் பிஸ்கட்டோடும் ஒரு வாழைப்பழத்தோடும் கழித்தேன். அந்த அனுபவத்தின் உரிமையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

செக் மக்களுக்குக் கிறிஸ்துமஸ் என்பது 24ஆம் தேதி மாலை. அந்த நாளை ‘ஷ்டெட்ரி டென்’ என்பார்கள். வாரி வழங்கும் நாள் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக்காலத்தில்தான் விழா தெருவில் நடக்கிறது. சந்தை, விளக்கு, சூடான ஒயின், அலுவலகக் கொண்டாட்டம் எல்லாம் அப்போதுதான். 24 நண்பகலோடு அது வீட்டுக்குள் போய்விடுகிறது. நம் ஊரில் தீபாவளிக்கு முந்தைய வாரம் கடைவீதியில் கால் வைக்க இடமிருக்காது, தீபாவளி மதியம் அதே வீதியில் நாய் படுத்துத் தூங்கும் அல்லவா, அதே கதைதான். 25, 26 இரண்டும் பொது விடுமுறை.

உங்கள் தேதிகள் ஒரு வகையில் அதிர்ஷ்டமானவை. ஜெர்மனியில் நூரம்பெர்க், டிரெஸ்டன் போன்ற ஊர்களின் புகழ்பெற்ற சந்தைகள் 24ஆம் தேதியோடு முடிந்துவிடும். பிராகில் பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை வழக்கமாக ஜனவரி 6 வரை நீடிக்கும். சுற்றுலாப் பயணிகளுக்காகத்தான், சந்தேகமில்லை; உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டுவதே குறைவு. அவர்கள் போவது வினோஹ்ராடி பகுதியில் நாமிஸ்டி மீரு, அதாவது அமைதிச் சதுக்கம், என்ற இடத்துச் சந்தைக்கு. லுட்மிலா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரத்தடியில் மரத்தாலான கடைகள், நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் மரம், அவ்வளவுதான். ஆனால் அது 24ஆம் தேதியோடு மூடிவிடும். ஆகவே 22ஆம் தேதி மாலை அங்கே, 23 காலை பழைய நகரம், என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகரச் சதுக்கத்துக்கு மாலையில் போனால் கூட்டத்தில் பெரியவர்களை நிறுத்த இடம் கிடைக்காது. காலை பத்து மணிக்குள் போனால் 1410இல் பொருத்தப்பட்ட வானியல் கடிகாரத்தின் கீழே நின்று, மணியடிக்கும்போது அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்ப்பதை மகனுக்கு நிதானமாகக் காட்டலாம். அப்போஸ்தலர்களைவிட, பக்கத்தில் கயிற்றை இழுத்து மணியடிக்கும் எலும்புக்கூட்டைத்தான் அவன் நினைவில் வைத்துக்கொள்வான்.

சந்தையில் பணம் பறிபோகும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. அங்கே யூரோ நாணயம் கிடையாது, கொருனாதான். ஒரு யூரோவுக்குத் தோராயமாக 24, 25 கொருனா வரும். தெருவோர நாணய மாற்றுக் கடையில் கொடுத்துவிட்டு விலை குறைவு என்று பிறகு தெரிந்தால், ஆயிரம் யூரோவுக்கு உட்பட்ட தொகை என்றால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் திரும்பிப் போய் ரத்து செய்யும் உரிமையை 2019 முதல் சட்டம் தந்திருக்கிறது. ஆனால் அந்த அலைச்சல் எதற்கு? வங்கியின் பெயர் உள்ள ஏடிஎம்மில் எடுங்கள். “உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா” என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அடுத்தது, பெரிய தொடையாக நெருப்பில் சுழலும் பிராக் ஹாம். பலகையில் போட்டிருக்கும் விலை நூறு கிராமுக்கு. கடைக்காரர் அன்போடு முந்நூற்றைம்பது கிராம் வெட்டித் தட்டில் வைத்துவிடுவார். என் நண்பரோடு ஒருமுறை அப்படி வாங்கி, தட்டைக் கையில் பிடித்த பிறகு விலையைக் கேட்டு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிறுப்பதற்கு முன்பே எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

ட்ர்டெல்னீக் பற்றியும் ஒரு வார்த்தை. உருளைக் கம்பியில் மாவைச் சுற்றிக் கரியடுப்பில் சுட்டு, சர்க்கரையும் பட்டைப் பொடியும் புரட்டித் தருகிற பண்டம். ‘பழமையான செக் இனிப்பு’ என்று எல்லாக் கடையிலும் எழுதியிருக்கும். செக் நண்பரிடம் இதைச் சொன்னால் கண்ணை உருட்டுவார். ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊர்க்காரர்கள் இதற்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறார்கள். பிராகில் தெருவுக்குத் தெரு இது முளைத்தது கடந்த இருபது ஆண்டுக் கதை. சூடாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். வரலாற்றை மட்டும் நம்பாதீர்கள்.

இனி அந்த ஊருக்கே உரிய காட்சிக்கு வருகிறேன். டிசம்பர் 20 வாக்கில் தெருமுனைகளில் பெரிய தொட்டிகள் வந்து இறங்கும். உள்ளே உயிரோடு கெண்டை மீன்கள் நெளியும். கார்ப் என்று ஆங்கிலத்தில் சொல்லும் வகை, செக்கில் ‘கப்ர்’. தென் பொஹீமியாவில் ட்ரெபோன் நகரைச் சுற்றி நூற்றுக்கணக்கான குளங்கள் உண்டு. இயற்கை ஏரிகள் அல்ல, பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் கரை கட்டி, மதகு வைத்து, கால்வாயால் ஒன்றோடு ஒன்று கோத்தவை. நம் ஏரிச் சங்கிலிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரைபடம் உடனே புரியும். அவற்றில் பெரியதான ரோஜ்ம்பெர்க் குளத்தை யாகுப் க்ர்சீன் என்பவர் 1590இல் கட்டி முடித்தார். இலையுதிர்காலத்தில் குளத்தை வடித்து மீனைப் பிடித்து, சேற்று வாடை போகத் தெளிந்த நீரில் சில காலம் விட்டு, டிசம்பரில் நகரங்களுக்கு அனுப்புகிறார்கள். கிறிஸ்துமஸ் இரவு உணவு அந்த மீனின் வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும். மீன் தலையையும் மீன் முட்டையையும் போட்டு ஒரு சூப்.

முன்பெல்லாம் மீனை உயிரோடு வாங்கிப் போய்க் குளியல் தொட்டியில் நீந்தவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் வீட்டுக் குழந்தைகள் அதற்குப் பெயர் வைத்துவிடும். 24ஆம் தேதி அப்பா கத்தியோடு வரும்போது அழுகை. கடைசியில் குடும்பமே ஒரு வாளியோடு வல்தாவா ஆற்றங்கரைக்குப் போய் மீனை விட்டுவிட்டு வந்து, உணவகத்து வறுவலைச் சாப்பிட்ட கதை நாற்பது வயது தாண்டிய ஒவ்வொரு செக்கரிடமும் ஒன்று இருக்கும். குளத்து மீன் குளிர்ந்த ஆற்றில் பிழைப்பது அரிது என்று மீன்வளத்துறையினர் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது பெரும்பாலோர் தொட்டிக்கடையிலேயே வெட்டி வாங்கிப் போகிறார்கள். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்: தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கும், அதில் கட்டையும் இருக்கும். நம் மீன் சந்தையைப் பார்த்தவனுக்கு அது ஒன்றுமில்லை. மாமியாரை மட்டும் தெருவின் மறுபக்கமாக நடத்திச் செல்லுங்கள்.

24ஆம் தேதி. இந்த ஒரு நாளைத் திட்டமிட்டுவிட்டால் மற்றவை தாமாக அமையும். 2016இல் வந்த சட்டப்படி, 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் எல்லாம் அன்று நண்பகல் 12 மணிக்கு மூட வேண்டும்; 25, 26 திறக்கவே கூடாது. மருந்துக் கடை, பெட்ரோல் நிலையம், ரயில் நிலையக் கடை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அருங்காட்சியகங்களும் பிராக் கோட்டையின் உட்பகுதிகளும் 24 அன்று மூடியிருக்கும், அல்லது பாதி நாள்தான் இருக்கும். உணவகங்களில் பல மாலையில் இயங்காது. இயங்குகிறவை முன்பதிவோடு, ஒரே விலையில் ஒரு விருந்தை வைத்திருக்கும். அந்த விருந்தில் மீன் தவிர்க்க முடியாத விருந்தாளி.

ஆகவே 23ஆம் தேதியே மூன்று நாளுக்கான அரிசி, காய்கறி, பால், தயிர், ரொட்டி வாங்கி வைத்துவிடுங்கள். 24 காலை வாங்கலாம் என்று நினைத்தால் பிராகின் பாதிக் குடும்பங்களும் அதே நினைப்பில் வரிசையில் நிற்கும். எதையாவது மறந்துவிட்டால் கலங்க வேண்டாம். ‘வெச்செர்கா’ என்ற சின்ன மளிகைக் கடைகள் தெருவுக்கு ஒன்று உண்டு. பெரும்பாலும் வியட்நாமியக் குடும்பங்கள் நடத்துபவை. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தொழிற்சாலை வேலைக்கும் பயிற்சிக்கும் வந்த வியட்நாமியர்களின் வழிவந்த சமூகம் அது. கடை சிறியது, சட்டம் தொடாது, பண்டிகை நாளிலும் விளக்கு எரியும். அந்த முதல் ஆண்டு பிஸ்கட் தீர்ந்த பிறகு என்னைக் காப்பாற்றியது அப்படி ஒரு கடைதான். இரண்டு தெரு தள்ளி அது இருப்பதே எனக்கு 25ஆம் தேதிதான் தெரிந்தது.

சரி, மாலையில் என்ன செய்வது? நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகு ஒரு நடை போங்கள். சார்லஸ் பாலத்தில் அப்போதும் பயணிகள் இருப்பார்கள், வெறிச்சோடிய பாலத்தை எதிர்பார்க்க வேண்டாம். 1357இல் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய பாலம். முப்பது சிலைகள் இரு பக்கமும். திருவருகைக்கால மாலைகளில் நீண்ட கழியும் பழைய சீருடையுமாக ஒருவர் வந்து பாலத்தின் எரிவாயு விளக்குகளைக் கையால் ஏற்றுவார். 22 அல்லது 23 மாலையில் மகனை அதற்கு அழைத்துப் போங்கள். 24 மாலை பாலத்தைக் கடந்து படியிறங்கிக் கம்பா தீவுக்குள்ளோ, மாலா ஸ்ட்ரானா பகுதியின் சின்னத் தெருக்களுக்குள்ளோ ஒரு நூறு அடி போனாலே போதும். டிராம் சத்தம் குறைந்திருக்கும், கடைகள் இருண்டிருக்கும், எல்லா மாடி ஜன்னல்களிலும் மஞ்சள் வெளிச்சம். எங்கிருந்தோ மீன் வறுக்கும் வாடை. ஐந்தரை, ஆறு மணி வாக்கில் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டால் ஏதாவது ஒரு வீட்டுக்குள்ளிருந்து சின்ன மணிச் சத்தம் கேட்கக்கூடும். இந்த ஊரின் கிறிஸ்துமஸில் வெளியாருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். எனக்கு எந்தச் சந்தையையும்விட அந்த அரை மணி நேரம் பிடிக்கும்.

அந்த மணியை அடிப்பவர் யெஜீஷெக், அதாவது குட்டி இயேசு. செக் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவது சான்டா கிளாஸ் அல்ல. யெஜீஷெக்குக்குத் தாடி கிடையாது, சிவப்புச் சட்டை கிடையாது, உருவமே கிடையாது என்றுகூடச் சொல்லலாம். சாப்பாடு முடியும், பெரியவர் ஒருவர் நழுவுவார், பூட்டிய அறைக்குள் மணி ஒலிக்கும், குழந்தைகள் ஓடிப் போய்ப் பார்த்தால் மரத்தடியில் பரிசுகள், யாரும் இல்லை. அன்று பகல் முழுவதும் சாப்பிடாமல் இருந்தால் சுவரில் தங்கப் பன்றிக்குட்டி தெரியும் என்றும் ஒரு நம்பிக்கை. குழந்தைகளைப் பட்டினி போடுவதற்குக் கண்டுபிடித்த தந்திரம். சாப்பாட்டுக்குப் பிறகு ஆப்பிளைக் குறுக்கே வெட்டி நடுவில் நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், தெரிந்தால் ஆண்டு முழுவதும் நலம். பாதி வால்நட் ஓட்டில் சின்ன மெழுகுவர்த்தி ஏற்றித் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். இவ்விரண்டையும் உங்கள் அறையிலேயே மகனோடு செய்யலாம். வால்நட் ஓடும் சின்ன மெழுகுவர்த்தியும் சந்தையில் கிடைக்கும்.

இந்த யெஜீஷெக்கை ஓய்வுபெற வைக்க ஓர் அரசாங்கமே முயன்றது. 1952 டிசம்பரில் அன்றைய பிரதமர் அன்டோனின் ஜாபொடோட்ஸ்கி, யெஜீஷெக் வளர்ந்து, வயதாகி, தாடி வைத்து ‘டெடா மிராஸ்’ ஆகிவிட்டார் என்று உரையாற்றினார். சோவியத் நாட்டு உறைபனித் தாத்தாவைத்தான் அப்படி உள்ளே கொண்டுவரப் பார்த்தார்கள். பள்ளிகளிலும் தொழிற்சாலை விழாக்களிலும் தாத்தா சில காலம் வந்துபோனார். வீட்டு மணியை மட்டும் அவரால் கைப்பற்ற முடியவில்லை. ஐரோப்பாவிலேயே தேவாலயத்துக்குப் போகும் வழக்கம் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று இது. ஆனாலும் பரிசு கொண்டுவருவது இயேசுதான் என்பதில் அங்குள்ள நாத்திகர்கூட விட்டுக்கொடுக்கமாட்டார்.

குட்டி இயேசு என்றதும் நம் ஊர்க்காரர்கள் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். குழந்தை இயேசு சுரூபம் இல்லாத கத்தோலிக்க வீட்டைத் தமிழ்நாட்டில் தேடத்தான் வேண்டும். பெங்களூர் விவேக் நகர் ஆலயத்துக்கு வியாழக்கிழமைகளில் தமிழர்கள் வரிசையில் நிற்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். கிரீடம், அகன்ற அங்கி, இடக்கையில் உலக உருண்டை, ஆசி வழங்கும் வலக்கை. அந்த உருவத்தின் மூலம் இருப்பது பிராகில்தான், மாலா ஸ்ட்ரானாவில் கார்மெலிட்ஸ்கா தெருவில், வெற்றி அன்னை ஆலயத்தில். மரத்தின் மேல் மெழுகு பூசிய, 47 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிலை. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து மணப்பெண்ணாக வந்த ஒரு சீமாட்டியோடு வந்தது. அவருடைய மகள் போலிக்செனா லோப்கோவிட்ஸ் அதை 1628இல் கார்மெல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். முப்பதாண்டுப் போரில் சாக்சனியப் படை நகருக்குள் நுழைந்தபோது கைகள் உடைந்து பலிபீடத்துக்குப் பின்னால் சில ஆண்டுகள் கிடந்தது. பக்தி பரவியதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் கோயில்களில் உற்சவருக்கு அலங்காரம் மாற்றுவதைப் பார்த்துப் பழகிய மாமியாருக்கு அந்த ஆலயம் அந்நியமாகத் தோன்றாது என்பது என் கணிப்பு. திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ப அருட்சகோதரிகள் அங்கியை மாற்றுகிறார்கள்: திருவருகைக்காலத்தில் ஊதா, கிறிஸ்துமஸுக்கு வெள்ளை. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அங்கிகள் நூற்றுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. சிலவற்றை மேல்மாடியில் பார்க்கலாம், படிதான் குறுகலான சுழற்படி. பேரரசி மரியா தெரேசா தந்த அங்கியும் அந்தத் தொகுப்பில் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. 23 அன்று ஊதாவில் பார்த்துவிட்டு 25 அன்று மறுபடியும் போய் வெள்ளையில் பாருங்கள்.

25ஆம் தேதியைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள் என்றால், தேவாலயங்கள்தான் அன்று திறந்திருக்கும் வீடுகள். உள்ளே குடில் வைத்திருப்பார்கள். செக் நாட்டில் குடிலுக்குப் ‘பெத்லெம்’ என்றே பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் ஜோசப் தேவாலயங்களில் குடில் வைக்கத் தடை போட்டார்; அதன் விளைவாக அது வீடுகளுக்குள் போய் மரத்திலும் தாளிலும் ரொட்டி மாவிலும் பெருகியது. செதுக்கியவர்கள் தங்கள் ஊர்த் தச்சனையும் ஆட்டுக்காரனையும் பெத்லகேமில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒவ்வொரு குடிலிலும் இயேசுவை விட்டுவிட்டு ஓரத்து ஆட்களைப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

இசைக்கும் அந்த நாட்கள்தான். யாகுப் யான் ரிபா என்ற பள்ளி ஆசிரியர் ரோஜ்மிட்டால் என்ற சிற்றூரில் 1796இல் எழுதிய ‘செக் கிறிஸ்துமஸ் திருப்பலி’ அந்த நாட்டின் பண்டிகைக் குரலாகவே ஆகிவிட்டது. லத்தீனை ஒதுக்கிவிட்டுத் தாய்மொழியில், “எழுந்திருங்கள் எஜமானே” என்று ஓர் இடைப்பையன் தலைமை இடையனை உலுக்கி எழுப்புவதில் தொடங்கும். ரிபா என்றால் செக்கில் மீன். ஆகப் பண்டிகைக்குத் தட்டிலும் மீன், பாட்டிலும் மீன் என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள். மனிதரின் வாழ்க்கை அவ்வளவு சிரிப்பானதல்ல. வறுமையிலும் மேலிடத்துப் பகையிலும் நொந்து 1815இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 24 முதல் 26 வரை பல தேவாலயங்களில் இதைப் பாடுவார்கள், வழிபாட்டின் பகுதியாகப் பாடும் இடத்தில் கட்டணம் இருக்காது. தெருவில் பொய்முடியும் பட்டுக் கோட்டும் அணிந்து கச்சேரி டிக்கெட் விற்பவர்களிடம் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். இன்னொன்று: பழைய தேவாலயங்களில் வெப்பமூட்டும் வசதி இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். வெளியே நடக்கும்போது தெரியாத குளிர் மர பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரும்போது எலும்பில் ஏறும். கோட்டையிலுள்ள விட்டஸ் பேராலயத்து நள்ளிரவுத் திருப்பலி பேரழகு. 1344இல் தொடங்கி 1929இல் கட்டி முடித்த ஆலயம் அது. நின்றுகொண்டு காத்திருக்கும் பொறுமை பெரியவர்களுக்கு இருக்காது. பிற்பகலிலோ முன்னிரவிலோ நடக்கும் பக்கத்து ஆலய வழிபாடு போதும்.

சாப்பாடு. வெளிப்படையாகச் சொன்னால், முட்டையும் இல்லாத சைவத்துக்கு செக் சமையல் கருணை காட்டாது. உருளைக்கிழங்கு சாலடில் முட்டை சேர்ந்த மயோனைஸ், உருளைக்கிழங்கு அடையான பிரம்போராக்கில் முட்டை, வறுத்த பாலாடைக்கட்டியின் மேல் பூச்சிலும் முட்டை. கிறிஸ்துமஸ் பலகாரங்களில் ஒரே ஓர் ஆறுதல் ‘குபா’. பார்லியை வேகவைத்து, உலர்ந்த காட்டுக் காளான், பூண்டு, மார்ஜோரம் இலை சேர்த்து அடுப்பில் வாட்டி எடுப்பது. மீன் வாங்க வழியில்லாத ஏழை வீடுகளின் கிறிஸ்துமஸ் உணவாக இருந்தது. நம் காளான் சாதத்துக்குத் தூரத்து உறவு. பன்றிக் கொழுப்பில் செய்ததா, வெண்ணெயிலா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். மற்றபடி பிராகில் இந்திய உணவகங்கள் நிறையவே உண்டு, ஆனால் 24, 25க்கு முன்கூட்டித் தொலைபேசியில் கேளுங்கள். ஓட்டலைவிடச் சமையலறையுள்ள அடுக்கக வீட்டை எடுப்பதே உங்கள் குடும்பத்துக்குப் புத்திசாலித்தனம். பருப்புப்பொடியும் ஊறுகாயும் பெட்டியில் வரட்டும்.

வீட்டை வினோஹ்ராடி பக்கம் எடுங்கள் என்பேன். 22ஆம் எண் டிராம் அங்கிருந்து ஆற்றைக் கடந்து, குழந்தை இயேசு ஆலயத்தின் அருகே போய், கோட்டைக்குப் பின்புறம்வரை ஏறிவிடும். கோட்டைக்கு அடிவாரத்திலிருந்து படியேறுவது இளசுகளுக்கு. நீங்கள் டிராமில் மேலே போய், கோட்டையைப் பார்த்துவிட்டு, கீழ்நோக்கி மெதுவாக நடந்து வாருங்கள். 65 வயது தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் நகரப் போக்குவரத்து இலவசம், வயதைக் காட்டும் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்க வேண்டும். உங்கள் இருவருக்கும் மட்டும் டிக்கெட். தாள் டிக்கெட் வாங்கினால் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். குத்தாத டிக்கெட் பரிசோதகர் கண்ணில் வெறும் தாள்தான். நாமிஸ்டி மீரு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம், ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக நீண்டவற்றில் ஒன்று. கீழே பார்த்தால் முடிவே தெரியாது, வேகமும் அதிகம். மகன் மூன்று முறை ஏறி இறங்கக் கேட்பான். மாமியாருக்குத் தலைசுற்றும் என்றால் டிராமே போதும்.

பனி பொழியுமா என்று மகன் கேட்டால் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். வாழ்த்து அட்டையில் காணும் வெள்ளை பிராக் டிசம்பர் கடைசியில் அபூர்வம். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலை, சாம்பல் வானம், நசநசவென்று தூறல், இதுதான் வழக்கம். கல் பாவிய நடைபாதை அந்த ஈரத்தில் வழுக்கும். கோட்டுக்குச் செலவழிப்பதைவிடப் பெரியவர்களின் காலணிக்குச் செலவழியுங்கள், தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ளதாக. விசா விஷயத்தில் ஒன்றுதான்: ஷெங்கன் விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், பண்டிகைக் கால நேர ஒதுக்கீடுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

26ஆம் தேதிக்கு யூதக் குடியிருப்பான யோசெபோவை வைத்துக்கொள்ளலாம். அங்குள்ள அருங்காட்சியகம் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகைகளிலும் மூடும், கிறிஸ்துமஸ் விடுமுறையில் வழக்கமாகத் திறந்திருக்கும். அந்த ஆண்டின் நேரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்துக் கல்லறையில் இடமில்லாமல் அடுக்கடுக்காகப் புதைத்து, கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். விளக்கும் ஒயினுமான நான்கு நாளுக்குப் பிறகு அங்கே போவது மனத்தைச் சட்டென்று வேறிடத்துக்குக் கொண்டுபோகும். வேண்டாம் என்று தோன்றினால் பெட்ஷின் குன்றுக்குப் போங்கள்.

டிரெஸ்டனுக்கு ஒருநாள் ரயில் பயணம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், 1434இல் தொடங்கிய சந்தை, அழகானதுதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது 23 ஒரு நாள். அதை டிரெஸ்டனுக்குக் கொடுத்தால் மளிகை யார் வாங்குவது?

மறந்துவிட்டேன், அந்தக் கெண்டை மீனின் செதில். கிறிஸ்துமஸ் மீனின் செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு முழுவதும் பணத்துக்குக் குறைவிருக்காது என்பது அங்குள்ள நம்பிக்கை. தொட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே நாலைந்து கழுவிக் கொடுப்பார். என் பையில் ஒன்று இன்னமும் இருக்கிறது. உங்கள் மாமனாரின் பணப்பையில் ஒன்றைச் செருகிவிடுங்கள். மாமியாருக்குத் தெரிய வேண்டாம்.